ஞாயிற்றுக்கிழமைப் புழுக்கள்

மழை பெய்கிறதா என்று பார்க்க இப்போதெல்லாம் யாரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவதில்லை. கைபேசியைப் பார்க்கிறார்கள். அது மழை இல்லை என்று சொன்னால் நனைந்துகொண்டே போகிறார்கள். தூங்கினோமா என்று கையில் கட்டியிருக்கும் பட்டையைக் கேட்கிறார்கள். "நேத்து நல்லா தூங்கியிருக்கேன் போல" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருவர் என்னிடம் சொன்னார். அவர்தான் எங்கள் இயக்குநர். ஆகையால் பின்னால் நடந்த எதிலும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எங்கள் நிறுவனத்தின் வேலை, ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மருந்து கண்டுபிடிப்பது. என் வேலை, அந்தப் புழு செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது. புழு இல்லாவிட்டால் மருந்தை எதன்மேல் போட்டுப் பார்ப்பது? அது குப்பியில் வளராது. உயிருள்ள ஆட்டின் வயிறுதான் அதற்கு வீடு. அதனால் கட்டடத்தின் பின்பக்கம், குப்பை எரிக்கும் தொட்டிக்கு அடுத்தாற்போல் ஒரு கொட்டகை. ஒரு காலத்தில் அங்கே பதினான்கு செம்மறிகள் இருந்தன. பதின்மூன்றை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது காதில் பதினான்காம் எண் தட்டு மாட்டிய பெட்டை. அதன் பெயரே பதினாலு. என் பெயர் புழுக்காரர். எனக்கு வேறு பெயர் உண்டு என்பது சம்பளக் காகிதத்துக்கு மட்டும் தெரியும்.

காலையில் பதினாலின் பின்னால் நின்று புழுக்கையைக் கையால் பிடிக்க வேண்டும். தரையில் விழுந்தால் கணக்கில்லை. ஜாடியில் போட்டு ஈரத்துணி மூடி ஒரு வாரம் வைத்தால் புழுக்குஞ்சு பொரியும். வெதுவெதுப்பான நீரில் கழுவினால் நூல் துணுக்குகள் போல நெளியும். சின்னத் தட்டில் நூறு குஞ்சை எண்ணி விட்டு, அன்றைக்கு உரிய ரசாயனத்தில் ஒரு சொட்டு விடுவேன். மறுநாள் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, இன்னும் எத்தனை நெளிகிறது என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இருபத்தாறு வருடம் இதுதான்.

ரசாயனங்கள் ஆறு தட்டு அலமாரியில் இருந்தன. மேல்தட்டு திங்கள், அதற்குக் கீழே செவ்வாய், இப்படியே இறங்கினால் அடித்தட்டு சனி. அடித்தட்டில் கனமான குப்பிகளை வைத்திருந்தோம். எல்லாம் பாகு மாதிரிக் கெட்டியான சரக்கு. சனிக்கிழமை அதில் ஒன்றைச் சொட்டு விட்டால் ஞாயிற்றுக்கிழமை எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன்.

காரணம் என் மனைவி. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஏழு வருடம் கிடந்தாள். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார். ஆனால் தலைமுடியை மட்டும் இவள் யாரையும் தொட விடமாட்டாள். முடி இடுப்பு வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளை வெயிலில் நாற்காலியில் உட்கார வைத்து, தலை கழுவி, சிக்கெடுத்துப் பின்னிவிட வேண்டும். "ஏங்க, ஆட்டு மயிரை இழுக்கிற மாதிரி இழுக்காதீங்க" என்பாள். "ஆடு இவ்வளவு வாயடிக்காது" என்பேன். மத்தியானம் ஆகிவிடும். தட்டில் விட்ட குஞ்சுகள் திங்கட்கிழமைக்குள் காய்ந்துபோயிருக்கும். கொட்டிவிட்டு, பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். எண்ணாததை எப்படி எழுதுவது?

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகைக்கு வர ஆரம்பித்தேன். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் அந்த நாற்காலி சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் கணினி டாக்டர் வந்தார். ஒல்லியான ஆள், மரியாதை தெரிந்தவர். இனிமேல் புழுவைத் தொடாமலே கணினிக்குள் மாதிரி செய்து மருந்து கண்டுபிடிக்கப் போகிறோம் என்றார். "ஒரு தடவை புழுவைப் பாக்கறீங்களா தம்பி?" என்று உருப்பெருக்கியைத் துடைத்து வைத்தேன்.

"வேணாம் ஐயா. பாத்துட்டா மனசுல ஒரு சார்பு வந்துடும்."

என் கொட்டகை மின்விசிறியைக் கழற்றிக் கணினி அறையில் மாட்டினார்கள். கணினிக்கு வியர்க்கக் கூடாதாம். என் பத்து வருடப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, முதல் ஏழு வருஷம் ஞாயித்துக்கிழமைக் கட்டமெல்லாம் காலியா இருக்கே?"

"காலியா இருந்தா காலின்னு அர்த்தம், அம்மாடி."

"கம்ப்யூட்டர் காலிய ஒத்துக்க மாட்டேங்குது. செவப்பா எரிஞ்சுகிட்டு நிக்குது."

"எரியட்டும்."

"உங்களுக்கென்ன, என்னையில்ல திட்டுவாங்க" என்று போய்விட்டாள். மேலே யாரையோ கேட்டிருக்கிறாள். அவர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு அணைந்துவிட்டது.

பதினோரு மாதம் கணினி யோசித்தது. பிறகு கூட்டம் போட்டார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இது ஒரு பொன்னாள். எதிரியை நேரில் பார்க்காமலே எதிரியை வெல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். இந்த நிறுவனத்தில் பணிபுரியும் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் இதுவரை ஒரு புழுவைக்கூடப் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் ஒருவரையும் விரைவில் அந்த நிலைக்கு உயர்த்துவோம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கணினி கண்டுபிடித்தது இதுதான்: பாகு மாதிரிக் கெட்டியாகவும் கனமாகவும் இருக்கும் சரக்கு எதுவானாலும் புழுவை அடியோடு கொல்லும். ஏழு வருடக் கணக்கில் ஒருமுறைகூடத் தவறவில்லையாம். அப்படிப்பட்ட சரக்குகளின் குணமெல்லாம் சேர்ந்த ஒரு புது மருந்தைக் கணினியே வரைந்து கொடுத்தது. 'நிறைவு' என்று பெயர் வைத்தார்கள். பழுப்பு நிறம், நல்ல இனிப்பு. பதினாலு கரண்டியையும் நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என் சட்டைப் பையில் மூக்கை விட்டது. உள்ளே இருக்கும் புழுக்களும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் வெள்ளை மருந்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது எந்த மாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பழைய மருந்து. ஆட்டின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தால் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். வெளுக்க ஆரம்பித்ததும் அரை அளவு வெள்ளை மருந்து கொடுப்பேன். புழு பாதி சாகும், ஆடு பிழைத்துக்கொள்ளும். முழு அளவு கொடுத்தால் புழு மொத்தமும் போய்விடும், என் வேலையும் போய்விடும். ஆட்டுக்கும் புழுவுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் செய்த பஞ்சாயத்துதான் அந்தக் கொட்டகை.

"ரெண்டு மருந்து குடுத்தா எது கொன்னுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர், குப்பியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டே.

"இப்ப எதுவும் கொல்லலையே சார்."

"அதை நீங்க முடிவு பண்ணக்கூடாது."

நான் முடிவு பண்ணவில்லை. எண்ணினேன். நிறைவு கொடுத்த மறுவாரம், தட்டில் அதையே சொட்டு விட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றெட்டு. ஞாயிற்றுக்கிழமையும் அதே. எழுதி மேலே அனுப்பினேன். என்னைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. சுவரில் கணினி டாக்டர் ஒரு கோடு காட்டினார். ஏழு வருடம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த கோடு, ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்து உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இது சனிக்கிழமை மருந்து போட்டு ஞாயித்துக்கிழமை உயிரோட இருந்த புழுக்களோட எண்ணிக்கை. ஏழு வருஷம் பூஜ்யம். அப்புறம் திடீர்னு இந்தத் தேதியில புழு எதிர்ப்புச் சக்தி பெற்றுடுச்சு. ஒரே வாரத்துல. உலகத்துல எங்கயும் இப்படி நடந்ததில்ல. அந்த வாரம் புழுவுக்குள்ள என்ன நடந்ததுன்னு அறிவியலுக்கு இன்னும் தெரியல."

சுவரில் எழுதியிருந்த தேதியைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அந்த வாரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நடந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சார்" என்று எழுந்தேன். "அது புழுவுக்கு நடந்தது இல்ல. எனக்கு நடந்தது. அந்த ஏழு வருஷமும் ஞாயித்துக்கிழமை நான் வரவே இல்ல. என் சம்சாரத்துக்குத் தலை கழுவிவிடுவேன். எண்ணல, அதனால எழுதல. யாரோ காலிக் கட்டத்துல பூஜ்யம் போட்டிருக்காங்க. அப்புறம் அவ போயிட்டா. நான் வந்து எண்ண ஆரம்பிச்சேன். புழு எப்பவும் போலத்தான் இருந்துச்சு. சனிக்கிழமை எந்தத் தட்டு மருந்தப் போட்டிருந்தாலும் உங்க கோடு இப்படித்தான் படுத்திருக்கும்."

கணினி டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவில் மூத்தவர் ஒருவர், அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்தார்.

"அதாவது, இவர் வராத வரைக்கும் மருந்து வேலை செஞ்சிருக்கு. இவர் வர ஆரம்பிச்சதும் நின்னு போச்சு."

"அதேதான் சார்!" என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். "தடையே இவர்தான்!"

என் மனைவிக்காக ஒருவர்கூட அடடா என்று சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்தப் பதிவுப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. "மருந்தின் செயல்திறனைப் பாதுகாக்கும் பொருட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் புழுக்காரர் உட்பட எவரும் கொட்டகைக்குள் நுழைவதும், எட்டிப் பார்ப்பதும், எண்ணுவதும் தடை செய்யப்படுகிறது." சனிக்கிழமை மாலையே இரண்டு நாள் புல்லைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை, யாரும் எண்ணவில்லை, கட்டம் காலி, கணினியில் பூஜ்யம். நிறைவு மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

"மத்த ஆறு நாளும் தொண்ணூத்தெட்டு நெளியுதே தம்பி" என்று கணினி டாக்டரைக் கேட்டேன்.

அவர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்த ஆறு நாள் இரைச்சல் ஐயா. ஞாயித்துக்கிழமைதான் செய்தி."

ஞாயிற்றுக்கிழமைகளை நான் வீட்டில் கழித்தேன். காலையில் நாற்காலியை வெளியே போடுவேன். ஏன் போட்டோம் என்று நினைத்து உள்ளே எடுத்து வைப்பேன். அலமாரியில் அவளுடைய பெரிய பல் சீப்பு இருந்தது. அதில் இரண்டு முடி சுற்றியிருந்தது. அதை எடுத்துப் போடவும் மனமில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் மனமில்லை. பக்கத்து வீட்டில் குழாய் திறந்தால் வாளி நிரம்பும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனை வாளி என்று எண்ணுவேன். எண்ணிப் பழகிய மனுஷன் வேறு என்ன செய்வது? மத்தியானம் வரை யாரோடும் பேசாமல் இருந்தால் சாயங்காலம் குரல் கரகரக்கிறது. இது அந்த வாரங்களில் நான் கண்டுபிடித்தது.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை கொட்டகையைத் திறந்தேன். பதினாலு எழுந்திருக்கவில்லை. கரண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கவில்லை. தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துப் பை மாதிரித் தொங்கியது. இமையை இறக்கிப் பார்த்தேன். காகிதம். காகிதத்தில்கூட ஒரு மஞ்சள் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

இயக்குநரிடம் ஓடினேன். வயசான காலத்தில் மூன்று மாடி.

"சார், ஆடு சாகப்போகுது. அந்த வெள்ளை மருந்தக் குடுங்க."

"எதனால சாகுது?"

"புழுவால."

"புழு இல்லையே. ஞாயித்துக்கிழமைக் கணக்கு ஆறு வாரமா பூஜ்யம்."

"சார், நீங்க வந்து இமைய ஒரு தடவ பாருங்க. கீழதான இருக்கு."

"எதுக்குக் கீழ போகணும்?" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஓர் ஆடு நின்றது. வெள்ளை வெளேரென்று, புழுக்கை ஒட்டாத ஆடு. அதன் தலைக்கு மேல் பச்சையில் ஏதோ எண் ஓடியது. "இதுதான் பதினாலு. மாதிரி ஆடு. தொண்ணூத்தாறு சதவீதம் ஆரோக்கியமா இருக்கு. நீங்க சொல்ற ஆடு இதோட ஒத்துப்போகலைன்னா, நீங்க சொல்ற ஆட்டுலதான் ஏதோ கோளாறு."

அந்த ஆட்டை "பதினாலு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதைக்கூட அசைக்கவில்லை. இயக்குநர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சனிக்கிழமை வரை கையால் தண்ணீர் புகட்டி ஓட்டினேன். வார நாளில் வேறு மருந்து கொடுத்தால் மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்; நான் நிறைவு கொடுக்கும் நேரத்துக்குக் கரண்டியைப் படம் எடுக்க மாடியிலிருந்து யாராவது வருவார்கள். மாட்டு மருந்துக் கடையில் ஒரு குப்பி வெள்ளை மருந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் போய் நின்றேன்.

காவலாளி எனக்கு இருபது வருடப் பழக்கம். "என்னண்ணே, தடை போட்டிருக்காங்களே?" என்றார்.

"ஆமா. எழுதிக்கோங்க, வந்தேன்னு."

அவர் நுழைவுப் புத்தகத்தைப் புரட்டினார். சனிக்கிழமைக்கு அடுத்த பக்கம் திங்கட்கிழமை. "ஞாயித்துக்கிழமை யாரும் வரக்கூடாதுன்னு பக்கத்தையே எடுத்துட்டாங்க. எங்க எழுதறது? பக்கம் இல்லைன்னா நீங்க வரலைன்னுதான அர்த்தம்?" கதவைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "வராதவங்களை நான் எப்படித் தடுக்கறது?"

பதினாலின் தலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, வாயோரத்தில் விரல் விட்டுத் திறந்தேன். அரை அளவு ஊற்றினேன். கை அங்கேயே நின்றது. இருபத்தாறு வருடக் கை. அரைக்கு மேல் போனால் உள்ளே ஒரு புழுகூட மிஞ்சாது. இந்த நிறுவனத்தில் இருக்கிற ஒரே நிஜம் அந்தப் புழுதான். அதைக் காப்பாற்றத்தான் எனக்குச் சோறு போட்டார்கள். அது போனால் திங்கட்கிழமை நான் எங்கே போவது? வாரம் முழுவதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

பதினாலு கத்தியது. கத்தலா அது, வெறும் காற்று. மிச்ச அரையையும் ஊற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை எழுந்து நின்றது. பத்தாம் நாள் ஜாடியில் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. அடுத்த திங்களும் பூஜ்யம், செவ்வாயும் பூஜ்யம். அந்த வாரம் பூராவும் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் எண்ணினேன். நிறுவனம் கொண்டாடியது. இரைச்சலும் செய்தியும் ஒன்றாகிவிட்டது என்றார்கள். மறுபடியும் ஒலிபெருக்கி, மறுபடியும் பொன்னாள்.

"நிறைவு தன் பணியை நிறைவேற்றியது!" என்றார் இயக்குநர். "இந்த வளாகத்தில் இன்று ஒரு புழுகூட இல்லை. நாற்பது பேரும் இனி எந்தக் காலத்திலும் புழுவைப் பார்க்க மாட்டோம். இந்த வெற்றிக்குத் தடையாக இருந்து, பின்பு விலகி நின்று உதவிய நம் புழுக்காரருக்கு ஒரு கேடயம்."

மேடையில் ஏறினேன். ஒலிபெருக்கி என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"நான் விலகி நிக்கல. ஞாயித்துக்கிழமை வந்தேன். வெள்ளை மருந்து முழுசா குடுத்தேன். அதுதான் கொன்னுச்சு. உங்க பாகு எதையும் கொல்லல."

இயக்குநர் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை யாராவது வந்தாங்களா?"

காவலாளி எழுந்து நின்று கையைப் பிசைந்தார். "புஸ்தகத்துல பக்கமே இல்லீங்க சார்."

"பார்த்தீர்களா, வெற்றியில் பங்கு கேட்கும் அளவுக்கு இவருக்கு நம் மருந்தின்மேல் பாசம்" என்றார் இயக்குநர். கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. கணினி டாக்டரும் தட்டினார், சத்தம் வராமல்.

அடுத்த நாள் ஒரு பட்டியல் வந்தது. எரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டியவை. உடைந்த ஜாடி பதினொன்று, ஈரத்துணி ஒரு கட்டு, அதற்குக் கீழே: "உள்ளடக்கம் தீர்ந்த கொள்கலன், எண் 14." புழு இல்லாத ஆடு அவர்களுக்கு ஆடு இல்லை. அடுத்த வரியில் நான் இருந்தேன். என்னைத் தொட்டிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கேடயத்தை இயக்குநர் மேஜையில் வைத்தேன். "இது வேணாம் சார். ஆட்டைக் குடுங்க."

"ஆராய்ச்சி விலங்கை வெளிய தர விதி இல்ல."

"ஆராய்ச்சி விலங்கு இல்லைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? கொள்கலன்னு."

அவர் பட்டியலைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் பார்த்தார். காலிக் கொள்கலன்களை ஊழியர் விண்ணப்பித்து எடுத்துச் செல்லலாம் என்று ஒரு விதி இருந்தது, யாரோ எப்போதோ எண்ணெய் டின்னுக்காகப் போட்டது. விண்ணப்பத்தில் அவரே எழுதினார்: காலி டின், ஒன்று. எந்த வாயில் வழியாக என்ற இடத்தில் பின்வாயில் என்று போட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பின்வாயில் வரை பதினாலு நாலைந்து தடவை நின்று நின்று வந்தது. இருந்த பலம் அவ்வளவுதான். வாயிலில் நிறுத்தி அதன் இமையை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணினி டாக்டர் வேகமாக வந்தார். மூச்சு வாங்கியது.

"ஐயா, இன்னும் ஏன் கண்ணைப் பாக்கறீங்க? அதான் எல்லா நாளும் பூஜ்யம்னு வந்துடுச்சே."

"எண்ணினது யாரு?"

"நீங்கதான். திங்கள்ல இருந்து சனி வரைக்கும்."

"ஞாயித்துக்கிழமை?"

அவர் குனிந்து, முதல் தடவையாக, பதினாலின் கண்ணுக்குள் பார்த்தார். வெளிறிய ரோஜா நிறம். நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஒரு புழு ஒளிந்திருந்தால் போதும்.

"நல்லாத்தான் இருக்கு ஐயா, இல்ல?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஆட்டைப் பார்க்கவில்லை. அதன் முதுகு ரோமம் இத்தனை வாரச் சிக்கோடு திரிதிரியாகத் தொங்கியது. வீட்டில் பெரிய பல் சீப்பு ஒன்று இருக்கிறது. இரு என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை நின்று, அடுத்த கண்ணின் இமையையும் இறக்கிப் பார்த்துவிட்டு நடந்தேன்.